சட்டையில் பூத்த உப்பு

1

எனக்கு இந்த நெதர்லாந்தில் என்ன வேலை என்பது பதினோரு வருடமாகியும் அம்மாவுக்குப் பிடிபடவில்லை. "ஐஸ்ல வயுக்கினு ஓடுற பசங்களுக்கு இன்னா துன்றதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆளு. அதுக்கு ஒரு சம்பளம்" என்று எர்ணாவூர்க் குடியிருப்பில் அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருக்கிறாள். கேட்டவர்கள் நம்பவில்லையாம். நானே சில நாள் நம்புவதில்லை.

ஆனாலும் அம்மா சொன்னது சரிதான். பனித்தளத்தில் வேகமாகச் சறுக்கி ஓடும் வீரர்களுக்கு நான் விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர். பயிற்சிக்கு முன் எடை பார்ப்பேன், பின் எடை பார்ப்பேன். குறைந்த எடை வியர்வை. அதில் எவ்வளவு உப்பு போயிற்று என்று அறிய, கையில் ஒரு பஞ்சு வில்லையை ஒட்டி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன். அவர்கள் சாப்பிடும் ஒவ்வொரு தட்டையும் படம் பிடித்து ஒரு செயலியில் போட வேண்டும். அதைப் பார்த்து, இன்னும் ஒரு கரண்டி, அரை மணி முன்னதாக, இன்றைக்கு வேண்டாம் என்று எழுதுவேன். பாதி வேலை கணக்கு. மீதிப் பாதி பொய்யைக் கண்டுபிடிப்பது. இருபது வயதுப் பிள்ளை "பிஸ்கட்டைத் தொடவே இல்லை" என்று சொல்லும்போது முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

போன திங்கட்கிழமை இந்த ஊருக்கு வழக்கமில்லாத வெயில். கோடையில் பனித்தளம் கிடையாது என்பதால் பிள்ளைகள் சைக்கிளில்தான் பயிற்சி எடுப்பார்கள். லோட்டே என்ற பெண் மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு எடை பார்க்க வந்து, முதுகைக் காட்டி நின்றாள். கறுப்புப் பனியனில் தோளிலிருந்து இடுப்புவரை வளைவு வளைவாக வெள்ளைக் கோடுகள். உப்பு பூத்திருந்தது.

அவள் கையிலிருந்த வில்லையை உரித்தவள் அப்படியே நின்றுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என்ன ஆயிற்று?" என்று அவள் திரும்பிக் கேட்டாள். மகரந்த ஒவ்வாமை என்றேன். மே மாதம் இங்கே யார் அழுதாலும் இந்தக் காரணம் செல்லும்.

2

அப்பா துறைமுகத்தில் லோடுமேன். காலையில் காக்கிச் சட்டையோடு போவார். சாயங்காலம் அதே சட்டை முதுகில் வெள்ளைக் கோட்டோடு வரும். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளிக்கப் போவார். அம்மா அந்தச் சட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்று விரலை வைத்துப் பார்ப்பாள். அப்புறம்தான் துவைக்கப் போடுவாள்.

கோடு இடுப்போடு நின்றிருந்தால் மறுநாள் காலைப் பழைய சோற்றுக்கு வழக்கமான உப்பும் ஒரு வெங்காயமும். தோளைத் தொட்டிருந்தால் இன்னும் ஒரு சிட்டிகை உப்பு, முகத்துவாரக்குப்பத்திலிருந்து வாங்கிவந்த கருவாட்டில் ஒரு துண்டு, நீராகாரம் இரண்டு சொம்பு. "இன்னா இன்னிக்கு உப்பு கரிக்குது" என்று அப்பா கேட்டால், "நேத்து உன் சட்ட கேட்டுச்சு" என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆயா. இருநூறு பிள்ளைகளுக்குக் கையளவாகவே சமைத்துப் போட்டவள். வீட்டில் தராசு கிடையாது. எங்கள் வீட்டின் முதல் ஊட்டச்சத்து நிபுணர் அவள்தான் என்று இப்போது எழுத நன்றாகத்தான் இருக்கிறது. அப்போது எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் படித்தேன், கல்யாணமாகி இங்கே வந்து மேல்படிப்பும் படித்தேன். என் பழைய பட்டம் பட்டம்தானா என்று இந்த நாட்டு அலுவலகம் ஒன்று பதினான்கு மாதம் யோசித்தது. வியர்வையில் இழக்கும் உப்பைப் பற்றி ஒரு முழுப் பரீட்சை எழுதித் தேறினேன். எழுதும்போது அப்பாவின் சட்டை ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

3

இங்கே எல்லோரும் பகல் பன்னிரண்டரைக்கு ரொட்டி தின்பார்கள். இரண்டு துண்டு, நடுவில் பாலாடைக்கட்டி. இயக்குநர் முதல் கூட்டுபவர்வரை அதேதான். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்குச் சூடான சாப்பாடு. ஆறு மணிக்கு எந்த வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது.

வந்த புதிதில் இதெல்லாம் தெரியாது. ஒருநாள் ஆறு மணி ஆகப்போகும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். புதிதாகக் கற்ற மொழியை யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில், "சாப்பிட்டாயிற்றா?" என்று கேட்டுவிட்டேன். நம்மூரில் எதிரில் வருபவரைக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். மனிதர் கடிகாரத்தைப் பார்த்தார், குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடினார். மனைவியோடு ஏதோ பேசினார். திரும்பிவந்து, முகமெல்லாம் சிவக்க, "மன்னிக்க வேண்டும், இன்றைக்கு இரண்டு பேருக்குத்தான் உருளைக்கிழங்கு வேகவைத்திருக்கிறோம்" என்றார்.

வேலையிடத்தில் இன்னும் மோசம். தாழ்வாரத்தில் ஒரு பையனிடம் கேட்டால், உடனே போனை எடுத்துச் செயலியைத் திறந்து, எல்லாம் பதிந்திருக்கிறேன் என்று சாட்சி காட்டுவான். என் மகள் நிலாவுக்குப் பன்னிரண்டு வயது, கைக்குழந்தையாக இங்கே வந்தவள். பள்ளியிலிருந்து வந்ததும் "சாப்டியாடா?" என்பேன். "பன்னிரண்டரைக்கு எல்லாரும் சாப்பிடுவோம், அம்மா. தினமும். ஏன் தினமும் கேட்கிறாய்?" என்று டச்சில் பதில் வரும். அவளிடம் கோபம் இல்லை. நிஜமாகவே காரணம் தெரியாமல்தான் கேட்கிறாள். அவள் மொழியில் எனக்கும் விளக்கத் தெரியவில்லை. மெல்ல அந்தக் கேள்வியை விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்குக் கடலில் காற்றாலை நடும் கப்பலில் வேலை. இரண்டு வாரம் கடல், இரண்டு வாரம் வீடு. நிலா வாரத்தில் மூன்று நாள் தோழி வீட்டில் ஆறு மணிச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வருகிறாள். அந்த நாட்களில் நான் சமையலறைத் தொட்டிப் பக்கத்தில் நின்றபடியே எதையாவது தின்றுவிட்டுப் பாத்திரத்தையும் கழுவிவிடுவேன். நாற்பது பேருடைய தட்டைத் தினமும் படத்தில் பார்க்கிறேன். என் தட்டை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்ப்பதில்லை.

4

பவானி எனக்குப் பதினான்கு வயது இளைய தங்கை. நான் ஒன்பதாவது படிக்கும்போது பிறந்தாள். இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் கணக்குப் பாடம் படித்திருக்கிறேன். இப்போது திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மற்ற நேரமெல்லாம் குத்துச்சண்டை. மூடிக்கிடக்கும் ஒரு கிடங்குக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகைதான் பயிற்சிக்கூடம். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு அரசு வேலை, அதுதான் அவள் குறி. அதற்கு மாநில அணியில் இடம் வேண்டும். போன வருடம் மே மாதக் கடைசியில் தேர்வு இருந்தது.

ஐம்பத்தேழு கிலோவில் ஆடிக்கொண்டிருந்தவளை ஐம்பத்து நாலுக்கு இறக்கலாம் என்றார் மாஸ்டர். அந்தப் பிரிவில் போட்டி குறைவாம். அன்றைக்கே எனக்குப் போன் வந்தது.

"அக்கா, ஊரான் பசங்களுக்கெல்லாம் எயுதிக் குடுக்குற. எனக்கு ஒரு சார்ட்டு போட்டுத் தர மாட்டியா?"

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! ஊருக்குப் பணம் அனுப்பலாம், சாக்லேட் அனுப்பலாம். என் படிப்பை அனுப்ப முடியும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை. அந்த வாரமே நாலு பக்கத்தில் உணவுப் பட்டியல் தயார். பழைய சோறு, கருவாடு, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அடித்தாயிற்று. சமையலில் உப்பு பாதி. காலையில் ஓட்ஸ் அல்லது கேழ்வரகு, முட்டை வெள்ளைக்கரு, உப்பில்லாத சுண்டல், தயிர். தண்ணீர் நாலு லிட்டர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது குளிர்காலத்தில் எடை குறைக்க வேண்டிய சறுக்கு வீரர்களுக்காக நான் வைத்திருந்த படிவம். பெயரை மாற்றினேன். ஓட்ஸ் பக்கத்தில் கேழ்வரகைச் சேர்த்தேன். நம்மூருக்கு ஏற்றபடி மாற்றிவிட்டதாகத் திருப்தியும் பட்டுக்கொண்டேன். லோட்டேவுக்கு ஒரு பட்டியல் போட மூன்று தடவை வியர்வை எடுத்துப் பார்ப்பவள், தங்கையிடம் ஒரு தடவை, "எவ்ளோ வேர்க்குது?" என்று வாயால்கூடக் கேட்கவில்லை. அந்தத் தகரக் கொட்டகை எனக்குத் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிப் புழுதிக்கு நடுவில், மே மாத மத்தியானம் எப்படி இருக்கும் என்றும் தெரியும். இருபத்தைந்து மே மாதங்கள் அங்கேதான் வேர்த்து நனைந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

பவானி பட்டியலை அச்செடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு, அரிசி டிரம்முக்கு மேல் சுவரில் ஒட்டினாள். என் செயலியிலேயே அவளுக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். தினம் ஐந்து தட்டுப் படங்கள் வரும். எவர்சில்வர் தட்டில் ஓட்ஸ். அதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். ஆனாலும் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்தப் படங்களைத்தான். தட்டின் ஓரத்தில் அம்மாவின் கால் விரல் தெரியும், தரையின் சிவப்புச் சிமெண்ட் தெரியும். அந்த இரண்டு மாதமும் நான் தனியாகச் சாப்பிடுவதுபோலவே இல்லை.

5

தேர்வுக்கு எட்டு நாள் இருக்கும்போது பவானியின் குரல் செய்தி வந்தது. நான் உணவகத்தில் ரொட்டித் தட்டோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அக்கா, நேத்துலேர்ந்து தல வலிச்சிக்கினே கீது. வெரலு வீங்கிக்கீது, மோதிரத்தைக் கயட்ட முடில. எட வேற எட்நூறு கிராம் ஏறிக்கீது. நான் ஒயுங்காத்தான் துன்றேன். இன்னா பண்றது?"

இதே மூன்றையும் லோட்டே சொல்லியிருந்தால், கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடியிருப்பேன். வேர்த்து வேர்த்து உப்பெல்லாம் வெளியே போய், உள்ளே வெறும் தண்ணீர் மட்டும் ஏறினால் அப்படித்தான் ஆகும். தலை வலிக்கும், விரல் வீங்கும், எடை கூடும். இந்த வேலையில் முதல் வருடம் படிக்கும் பாடம் அது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். அம்மா ஊறுகாய் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். நம்ம ஜனம் எங்கே சொன்னபடி கேட்கும் என்று நினைத்தேன். அப்படியே ஒரு செய்தி தட்டினேன்: "அம்மா ஊறுகா வச்சாங்களா? உண்மையச் சொல்லு. உப்பை மொத்தமா நிறுத்து. தண்ணி இன்னும் ஒரு லிட்டர் ஏத்து."

"ஊறுகாய தொடவே இல்லக்கா. சத்தியமா" என்று பதில் வந்தது.

எத்தனை பிள்ளைகளின் பிஸ்கட் பொய்யைப் பார்த்தவள் நான். அந்தச் "சத்தியமா"வையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டு, ரொட்டியைத் தின்றேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு மாஸ்டர் போன் செய்தார். அங்கே நாலரை மணி. "அமுதாம்மா, பாப்பா மூணு ரவுண்டு முட்ச்சிட்டு குந்திச்சு. வாந்தி எட்த்துச்சு. இப்ப பேச்சு கொயறுது. அம்மா வந்துக்கீறாங்க, அவங்களையே யாருன்னு கேக்குது." பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. பவானியின் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் போகும்போதே வலிப்பு வந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, உப்பு அடிமட்டத்துக்குப் போய்விட்டது என்றார்களாம். உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அம்மா போனிலிருந்த பட்டியலின் படத்தைக் காட்டியிருக்கிறாள். பார்த்துவிட்டு, இதை யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்.

"என் பெரிய பொண்ணு சார். ஃபாரின்ல இதுக்குன்னே வேலை செய்யுது" என்று அம்மா சொன்னாளாம். பெருமையாகத்தான் சொல்லியிருப்பாள். அவளுக்கு அப்போது எதுவும் விளங்கியிருக்காது.

6

அன்றைக்கே விமானம் ஏறிவிடுவதென்று பெட்டியை எடுத்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. என் குடியிருப்பு அட்டை காலாவதியாகி, புதிது அச்சாகிக்கொண்டிருந்தது. இப்படியே போனால் திரும்பி வர முடியாது. திரும்பி வருவதற்கென்று கடவுச்சீட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள், அதற்கு நேரம் வாங்க வேண்டும். கிடைத்த முதல் நேரம் ஒன்பது நாள் கழித்து.

குடிவரவு அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். மறுமுனையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். அவசரம் என்றால் முன்னால் போடலாமாம். மரணமா, மரணத் தறுவாயா என்று கேட்டாள். தெரியாது என்றேன். யாருக்கு என்றாள். தங்கைக்கு என்றேன். தட்டச்சுச் சத்தம் கேட்டது. "தங்கை இரண்டாம் படி உறவு. முதல் படி என்றால் பெற்றோர், பிள்ளை, கணவர். அவர்களுக்குத்தான் அவசர நேரம் உண்டு" என்றாள். தங்கையை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன் என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அந்த மொழியில் இடுப்புக்கு என்ன சொல் என்று அந்த நேரத்தில் வரவில்லை. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் பவானிக்குத் தெளிவு வந்தது. அன்றைக்குத்தான் அம்மாவும் பேசினாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து, திட்டட்டும் என்று காதை வைத்திருந்தேன்.

"பத்து நாளா அவ பனியன்ல உப்பு பூத்துக்கினு கீது அமுதா. கயுத்து வரிக்கும். உங்கப்பனுக்குக்கூட அப்டி ஏறினதில்ல. ஆணில மாட்டி வச்சிக்கினு பாத்துக்கினே இருந்தேன். ஒரு சிட்டிக போட்டுடலாமான்னு கை போவும். அப்பால செவுத்தப் பார்ப்பேன். நீ எயுதிக் குடுத்துக்கீற. நீ படிச்சவ. நான் இன்னாத்த கண்டேன்னு கையை இஸ்துக்குவேன்."

 

தேர்வு நடந்து முடிந்தது. பவானி வார்டில் படுத்திருந்தாள். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்ல வுடுக்கா. நீ வந்து மட்டும் இன்னா பண்ணப்போற, டிக்கெட்டுக்கு தண்டமா குடுக்காத" என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. நான் கிளம்பவில்லை. வீட்டுக்குப் போனதும் பவானி சுவரிலிருந்த பட்டியலைக் கிழித்துவிட்டதாக அம்மா சொன்னாள். அன்றிலிருந்து செயலியில் அவள் பக்கம் காலி.

புதிதாக ஒரு பட்டியல் தயாரித்தேன். இந்தத் தடவை உப்பு, தண்ணீர், வெயில் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தேன். என் வாழ்க்கையில் செய்த சிறந்த பட்டியல் அதுதான். அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வேன். "நல்லாகீறேன்க்கா. ட்ரெய்னிங் போய்க்கினு கீறேன். கடைக்கு நேரமாச்சு, வச்சிடவா?" என்பாள். ஒரு வருடம் இதே நாலு வாக்கியம். குரலில் கோபமே கிடையாது. லோட்டே பேசும் மரியாதையோடு என் தங்கை என்னிடம் பேசினாள்.

காலையில் எழுந்ததும் அந்தக் காலிப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை. "இன்று உணவு எதுவும் பதியப்படவில்லை" என்று இருக்கும்.

7

இந்த வருடத் தேர்வு போன வெள்ளிக்கிழமை. அதைக்கூட அம்மா சொல்லித்தான் தெரியும். பவானி எடையைக் குறைக்கவில்லையாம், ஐம்பத்தேழிலேயே ஆடப்போகிறாளாம். காலையில் மறுபடியும் பழைய சோறு. அம்மா மறுபடியும் ஆணியில் மாட்டிய பனியனைப் பார்க்கிறாளாம். "நேத்து தோள் வரிக்கும் ஏறிச்சு. ஒரு துண்டு கருவாடு சேத்து வச்சேன்" என்றாள். சொல்லிவிட்டு, "வய்க்கலாமில்ல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பொறுக்கவில்லை. "என்னாண்ட கேக்காதம்மா, நீ வை" என்றேன்.

வியாழக்கிழமை பவானிக்கு ஒரு செய்தி எழுதினேன். சண்டைக்கு மூன்று மணி நேரம் முன்பு என்ன சாப்பிடலாம் என்று எழுதி, அழித்தேன். நன்றாகத் தூங்கு என்று எழுதி, அதையும் அழித்தேன். தொழில் இல்லாமல் தங்கையோடு பேசுவது எப்படி என்று எனக்கு மறந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை முழுக்கப் போன் மேசையில் கிடந்தது. யாரும் கூப்பிடவில்லை. அம்மாவைக் கூப்பிட எனக்குத் துணிச்சல் இல்லை. லோட்டேயின் வில்லை முடிவு வந்தது, ஒரு லிட்டர் வியர்வையில் எவ்வளவு உப்பு என்று. அவளுக்குப் பானத்தில் கூடுதலாகப் போடச் சொல்லி எழுதி அனுப்பினேன்.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் நான் மட்டும். வீட்டுக்காரர் கடலில், நிலா தோழி வீட்டில். முந்தைய நாள் சோற்றில் தயிரை ஊற்றி, வழக்கம்போலத் தொட்டிப் பக்கத்தில் நின்று இரண்டு வாய் வைத்திருப்பேன். செயலியில் சிவப்புப் புள்ளி விழுந்தது. யாராவது சறுக்குக்காரப் பிள்ளையாக இருக்கும் என்று திறந்தேன்.

பவானியின் பக்கம். எவர்சில்வர் கிண்ணத்தில் பழைய சோறு. பக்கத்தில் உரித்த சின்ன வெங்காயம், வறுத்த நெத்திலிக் கருவாடு. கிண்ணத்தைப் பிடித்திருந்த கையில் விரல் முட்டியெல்லாம் கன்றிப்போயிருந்தது. ஓரத்தில் அம்மாவின் கால் விரல். "அளவு" என்று கேட்கும் கட்டத்தில் "வயிறு ரொம்ப" என்று எழுதியிருந்தாள். "குறிப்பு" என்ற கட்டத்தில், "57ல செலக்ட் ஆயிட்டேன்."

இன்னொரு தடவை படிக்க முடியவில்லை, கண் மறைத்தது. அதற்குள் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. துடைத்துக்கொண்டு எடுத்தேன். புருவத்துக்கு மேல் ஒரு பிளாஸ்திரியோடு பவானியின் முகம். வாய் நிறையச் சோறு.

"பாத்தியாக்கா?"

"பார்த்தேன்."

"அய்வாத. ஒரு வர்ஷமா அய்தது போதும், அம்மா எல்லாம் சொல்லிக்கினுதான் கீது." மென்று விழுங்கினாள். "உன்னாண்ட ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா கீது. ரிங்குல சண்ட போட்டுட்டுத்தான் கேக்கணும்னு வச்சிருந்தேன். ரெண்டு மாசம் தெனம் அஞ்சு தபா என் தட்டப் பாத்த. இது கொற, அத்த தூக்கு, பொய் சொல்றியான்னு எல்லாம் கேட்ட. ஒரு தபா சாப்டியாடின்னு கேட்டியா?"

நான் யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை.

"கேட்கலை பவி."

"அதான். எனக்கு அந்த சார்ட்டு மேலகூட கோவம் இல்ல. ஊறுகா துன்னல, சத்தியமான்னு சொன்னேன். நம்பல பாரு. அதுதான் உள்ளயே குத்திக்கினு இருந்துச்சு." இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தாள். ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "சரி வுடு. நீ சாப்டியா?"

இந்த ஊரில் பதினோரு வருடமாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. நானே கேட்பதை விட்டுவிட்ட கேள்வி.

"சாப்ட்டுக்கினுதான் இருக்கேன்" என்றேன்.

"எங்க? காட்டு."

போனைத் திருப்பிக் கிண்ணத்தைக் காட்டினேன். தொட்டி, ஈரக் குழாய், பஞ்சு எல்லாம் சேர்ந்து தெரிந்திருக்கும். 

"இன்னாக்கா இது, நின்னுகினா துன்ற? தயிர் சோறா? தொட்டுக்க ஒண்ணும் இல்லியா? உப்பாவது போட்டுக்கினியா?"

போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். எத்தனை பேர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாய் எடுத்து ருசித்துப் பார்த்தேன்.

"இல்லடி. மறந்துட்டேன்."

"போ, எட்த்துக்கினு வா. நான் லைன்லயே கீறேன்."

உப்பு ஜாடியை எடுத்துவந்தேன். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டேன்.